சுவரொட்டி யாரிடம் பேசுகிறது?



2013-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க் நகரின் சுரங்க ரயில்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் சில சுவரொட்டிகள் காணப்பட்டன. அழுதுகொண்டிருக்கும் ஒரு குழந்தை தன் தாயைப் பார்த்துப் பேசுவது போன்ற வாசகம். "இந்த வயதில் நீ என்னைப் பெற்றதால், நான் பள்ளிப் படிப்பை முடிக்காமல் போகும் வாய்ப்பு இருமடங்காகிறது" என்பது அதன் கருத்து. பதின்வயதுக் கர்ப்பத்தைத் தடுப்பதற்காக மாநகர நிர்வாகமே நடத்திய பிரச்சாரம் அது.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் கைக்குழந்தையோடு அதே ரயிலில் ஏறும் 17 வயதுத் தாய் அதை வாசிக்கும்போது என்ன நினைப்பாள்? கருவுற்றதை இன்னும் வீட்டில் சொல்லாமல் தவிக்கும் சிறுமி என்ன முடிவெடுப்பாள்? பிளான்டு பேரன்ட்ஹுட் அமைப்பு இதைக் கண்டித்தது. கருக்கலைப்பை ஆதரிக்கும் அந்த அமைப்போடு திருச்சபைக்குச் சிறிதும் உடன்பாடில்லை. இருந்தாலும், இந்தச் சுவரொட்டிகள் பெண்ணை அவமானப்படுத்துகின்றன என்று அது சொன்னது உண்மையே. நமக்கோ கவலை இன்னும் பெரிது. அவமானத்துக்கு அஞ்சும் பெண்தான் யாருக்கும் தெரியாமல் கருவை அழிக்கத் துணிகிறாள்.

அதே ஆண்டு சிகாகோ நகரம் வேறொரு படத்தை ஒட்டியது. அதில் கர்ப்பிணியைப் போல வயிறு பெருத்து நிற்பவன் ஓர் இளைஞன்! பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம், முகம் சுளித்திருக்கலாம். ஆனால் குழந்தைக்குத் தகப்பன் என்று ஒருவன் உண்டு என்பதை அந்தப் படம் நினைவூட்டியது. நியூயார்க்கில் குற்றவாளிக் கூண்டில் பெரும்பாலும் தாய் மட்டுமே நின்றாள்.

பிரச்சாரத்தால் பயன் உண்டா என்றும் கேட்கலாம். 2009-இல் எம்டிவி தொலைக்காட்சி, கருவுற்ற 16 வயதுப் பெண்களின் அன்றாட வாழ்வைத் தொடராகக் காட்டத் தொடங்கியது. அதன்பின் வந்த 18 மாதங்களில் பதின்வயதுப் பிறப்புகள் 5.7 விழுக்காடு குறைய அத்தொடர் காரணமாயிற்று என்று 2014-இல் இரண்டு பொருளியல் அறிஞர்கள் எழுதினார்கள். அந்தக் கணக்கை வேறு ஆய்வாளர்கள் பின்னர் மறுத்துள்ளனர். அத்தொடர் இளையோரைக் கருத்தடை முறைகளைத் தேடத் தூண்டியதையும் அதே ஆய்வு காட்டியது. நாம் கற்பிக்கும் கற்புநெறி அதுவல்ல. ஆயினும் தூக்கமற்ற இரவுகளையும் விலகிப்போகும் காதலனையும் உள்ளபடியே காட்டியது அச்சுறுத்தலைவிட நேர்மையானது என்றே தோன்றுகிறது.

நம் நாட்டின் நிலை வேறு. 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 6.3 விழுக்காட்டினர் தாயாகிவிட்டிருந்தனர் அல்லது கருவுற்றிருந்தனர். அதற்கு முந்தைய ஆய்வில் இது 5 விழுக்காடாக இருந்தது. இவர்களில் பெரும்பாலோர் மணமானவர்கள். நல்ல வரன் வந்துவிட்டது, காலம் கெட்டுக் கிடக்கிறது, பொறுப்பு முடிந்தால் போதும் என்று பெற்றோரே பள்ளியிலிருந்து நிறுத்தி மணமுடித்துக் கொடுத்த பிள்ளைகள் அவர்களில் எத்தனை பேர்! இங்கே சிறுமியை நோக்கிச் சுவரொட்டி ஒட்டி என்ன பயன்? முடிவெடுத்தவர் திண்ணையில் அல்லவா அமர்ந்திருக்கிறார்!

நம் பங்குகளில் இளம்பெண்களுக்கு அறிவுரைக் கூட்டம் அடிக்கடி நடக்கிறது. ஆண்பிள்ளைகளுக்கும் தந்தையருக்கும் தனியாக ஒன்று நடந்ததாக நினைவிருக்கிறதா?

மரியா கருவுற்றிருப்பதை அறிந்த யோசேப்பு, தூய ஆவியின் செயலைப் பற்றி அறியுமுன்பே, அவரை ஊரார்முன் இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பவில்லை என்கிறார் மத்தேயு. நம் அன்பியக் கூட்டங்களில் ஒரு பெண்ணின் பெயர் கிசுகிசுக்கப்படும்போது இந்தப் பகுதியை யாரேனும் எடுத்து வாசிக்கலாம். ஆலய அறிவிப்புப் பலகையில் சிறார் உதவி எண் 1098-ஐப் பெரிதாக எழுதி வைக்கலாம். அதன் கீழே, எந்த நேரத்திலும் கதவைத் தட்டலாம் என்று பங்குத்தந்தையும் அருள்சகோதரிகளும் ஒரு வரி சேர்க்கலாம்.