கைராசி என்றொரு பொய்

"எனக்குக் கைராசி இல்லைங்க. எது வச்சாலும் செத்துப் போவுது." காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் மட்டும் இதை நான்கு வீடுகளில் கேட்டிருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன்புவரை நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வார்த்தையைக் கேட்டாலே கோபம் வருகிறது. செடி செத்ததற்கு வெயிலும் தண்ணீரும் காலமும் காரணமாக இருக்க, பழியை நம் கையிலேயே போட்டுக்கொள்கிறோம். தப்பான யோசனை சொன்னவர் சௌகரியமாகத் தப்பித்துக்கொள்கிறார்.

என் கதை இதுதான். மாசி மாதக் கடைசியில் ஒரு காணொளியைப் பார்த்தேன். ஒரே பையில் கூடை கூடையாகத் தக்காளி. உடனே பன்னிரண்டு பைகள், நார்த்தூள், விதை என்று வாங்கி வந்துவிட்டேன். செடி நன்றாகத்தான் வளர்ந்தது. சித்திரையில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. பூத்த வேகத்தில் அத்தனையும் உதிர்ந்தது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடு என்றார் ஒருவர், போட்டேன். வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்று என்றார் இன்னொருவர், ஊற்றினேன். புளித்த மோரும் தெளித்தாயிற்று. வடாம் காயவைக்க மாடிக்கு வந்த பக்கத்து வீட்டு ஆயா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ஏம்ப்பா, கத்திரி வெயில்ல தக்காளிப் பூவு நிக்குமா? கொத்தவரங்கா போட்டிருக்கலாமே."

அவ்வளவுதான் விஷயம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூ காய் பிடிக்காது. எந்த உரமும் இதை மாற்றாது. வெண்டையும் கொத்தவரையும் தண்டுக்கீரையும் அந்த வெயிலைத் தாங்கும். இதை ஒருவர் ஒரு வரியில் முன்பே சொல்லியிருந்தால் எனக்குப் பணமும் மிஞ்சியிருக்கும், மூன்று மாதமும் மிஞ்சியிருக்கும். காணொளிக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் மாடியில் அது காய்த்திருக்கும். ஆனால் எந்த ஊர், எந்த மாதம் என்று அவர் சொல்லவில்லை. விலாசம் இல்லாத யோசனைதான் இன்று மலையாகக் குவிந்து கிடக்கிறது.

"முழு வெயில் படும் இடத்தில் வையுங்கள்" என்பதையே எடுத்துக்கொள்வோம். குளிர் நாட்டுப் புத்தகத்தில் எழுதியது அப்படியே தமிழுக்கு வந்திருக்கிறது. அந்த நாட்டு முழு வெயிலும் நம் மொட்டைமாடியில் மே மாதம் அடிக்கும் வெயிலும் ஒன்றா? முட்டை ஓடும் இதே கதைதான். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்கிறார்கள். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு இருக்கும். ஒருநாள் வெள்ளமாகவும் இரண்டு நாள் வறட்சியாகவும் தண்ணீர் விட்டால் செடியால் அதை எடுத்துக் காய்க்குக் கொண்டுபோக முடியாது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் குழாய் வாயில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நான் முட்டை ஓடும் போட்டிருக்கிறேன். அதுவும் மண்ணில் சீக்கிரம் கரையாத ஓடு!

சரி, பல்கலைக்கழகப் பரிந்துரையைப் பார்க்கலாம் என்று போனால் அது வேறொரு சங்கடம். ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம் என்று இருக்கும். கணக்கு சரிதான், ஆனால் பன்னிரண்டு பை வைத்திருப்பவன் ஹெக்டேருக்கு எங்கே போவான்? வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு இரண்டரைக் கிலோ. இந்த ஒரு வகுத்தலை ஆரம்பக்காரனுக்காக யாராவது போட்டுக் கொடுத்திருக்கலாம். அரசு மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தொகுப்பு நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் செடி வாடுகிற அன்று கையேடு பதில் பேசாது.

இத்தனைக்கும், கற்றுக்கொடுப்பது எப்படி என்று நம் ஊருக்குத் தெரியும். பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலை நெய்யும் தறியில் நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைப்பக்க நாடாவை வீசிக் கொடுப்பார். பல பேர் அந்த இடத்தில் உட்கார்ந்துதான் தொழில் கற்றார்கள். இழை அறுந்தால் பெரியவர் எப்படி முடிச்சுப் போடுகிறார் என்பது பக்கத்தில் இருப்பவன் கண்ணுக்குத் தெரியும். முதல் வாரம் இழை அறுத்த பையனை யாரும் "உனக்குக் கைராசி இல்லை, வீட்டுக்குப் போ" என்று சொன்னதில்லை. தோட்ட யோசனை சொல்கிறவர்கள் மறைப்பது இந்த அறுந்த இழையைத்தான். காய்த்த செடியைக் காட்டுகிறார்கள், செத்ததைக் காட்டுவதில்லை.

"அப்ப ஆயா சொல்றதை மட்டும் கேக்கலாமா?" என்றால், அதுவும் இல்லை. ஆயாவுக்குத் தெரிந்தது கொல்லைத் தோட்டம். நிலத்தில் வேர் ஈரத்தைத் தேடி ஆழமாகப் போகும். பையில் போக இடம் இல்லை, கோடையில் ஒரே நாளில் காய்ந்துவிடும். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஊத்துனா போதும்" என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் இரண்டு கத்திரி நாற்றுகளைப் பறிகொடுத்தேன். பாட்டி வைத்தியம் என்று எதையும் கும்பிட வேண்டியதில்லை.

அதனால் இப்போது யார் யோசனை சொன்னாலும் மூன்று கேள்வி கேட்கிறேன். எந்த மாசம் போட்டீங்க? என்ன தண்ணி ஊத்தினீங்க? எத்தனை செத்துச்சு? மூன்றாவது கேள்விக்கு "ஒண்ணுகூட சாகல" என்று பதில் வந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுவேன். கேட்க ஆள் இல்லாமல் இல்லை. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கியது. நமக்குக் காட்டுப்பாக்கத்தில் ஒன்று இருக்கிறது. 1800-180-1551 என்ற விவசாயிகள் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்கலாம். கோயில் நந்தவனத்தில் தண்ணீர் விடுபவர், கீரைக்கட்டு விற்க வரும் அம்மா, இவர்களுக்கெல்லாம் நம் ஊர் வெயில் தெரியும்.

உற்சாகத்துக்கும் வெளியூர் படங்கள் வேண்டாம். திருக்கச்சி நம்பி பூந்தமல்லியில் நந்தவனம் வைத்துப் பூவெடுத்து வந்து வரதராஜருக்குச் சாத்தினார் என்பது மரபு. பெருமாள் அவரோடு பேசினார் என்பதை எல்லோரும் சொல்கிறோம். அந்தப் பூச்செடிகளுக்குத் தினமும் தண்ணீர் இறைத்திருக்க வேண்டுமே, அதை யாரும் சொல்வதில்லை.

ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதலில் சிறுகீரை. விதையை மணலோடு கலந்து தூவுங்கள், ஒரு மாதத்துக்குள் பறித்துவிடலாம். ஆடிப்பட்டத்தில் வெண்டை, கத்திரி. தக்காளியைக் கத்திரி வெயிலில் பூக்க விடாதீர்கள். போன ஆடியில் நான் போட்ட பத்துக் கத்திரியில் ஏழு பிழைத்தது, மூன்று மாவுப்பூச்சியில் போய்விட்டது. எதிர் வீட்டில் "எனக்குக் கைராசி இல்லைங்க" என்று ஆரம்பித்தவரை மாடிக்குக் கூட்டிவந்து, முதலில் அந்த மூன்று காலிப் பைகளைத்தான் காட்டினேன்.