ட்ரீம் தியேட்டர்: பழைய டிரம்மர் திரும்பிட்டார்... 13 வருஷம் வாசிச்சவரை மறந்துடலாமா?

ட்ரீம் தியேட்டர் பேண்டின் 16-வது ஸ்டூடியோ ஆல்பம் 'பாராசோம்னியா' 2025 பிப்ரவரியில் வெளியானது. டிரம்ஸில் மைக் போர்ட்னாய். இந்த பேண்டின் ஆல்பம் ஒன்றில் அவர் வாசிப்பது 2009-க்குப் பிறகு இதுதான் முதல்முறை. ரசிகர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனா, "ஒரிஜினல் பேண்ட் இப்பதான் திரும்பி வந்திருக்கு"ன்னு சொல்றதை மட்டும் ஏத்துக்க முடியல.

யார் இவங்க?

1985-ல் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்த கிட்டாரிஸ்ட் ஜான் பெட்ரூசி, பேஸ் வாசிக்கும் ஜான் மியூங், டிரம்மர் போர்ட்னாய் ஆகிய மூவரும் தொடங்கிய பேண்ட் இது. மெட்டலின் வேகமும், ப்ராக்ரசிவ் ராக்கின் நீளமான பாடல்களும் சட்சட்டென மாறும் தாளக் கணக்குகளும் சேர்ந்ததுதான் இவர்களின் ஸ்டைல். இப்படிப்பட்ட இசையில் டிரம்மர் மாறினால், பேண்டின் நடையே மாறிவிடும்.

ஏன் பிரிந்தார்கள்?

2010-ல், கொஞ்ச காலம் பிரேக் எடுக்கலாம் என்றார் போர்ட்னாய். மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. அவர் விலகினார். ஏழு டிரம்மர்களை அழைத்து ஆடிஷன் வைத்தார்கள். தேர்வானவர் மைக் மேஞ்சினி. பெர்க்லியில் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

அதற்குப் பிறகு 13 வருஷம், 5 ஆல்பம். பேண்டின் முதல் கிராமி விருது 2022-ல் 'தி ஏலியன்' பாட்டுக்குக் கிடைத்தது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் மேஞ்சினி!

எப்படிச் சேர்ந்தார்கள்?

பெட்ரூசியின் 2020 சோலோ ஆல்பத்தில் போர்ட்னாய் வாசித்தார். 2021-ல் 'லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமென்ட்' குழுவுக்காக மறுபடியும் இணைந்தார்கள். பழைய நட்பு திரும்பியது. 2023 அக்டோபரில் போர்ட்னாய் உள்ளே, மேஞ்சினி வெளியே. இந்த முடிவைப் புரிந்துகொள்வதாகச் சொல்லி, கண்ணியமாக விடைபெற்றார் மேஞ்சினி.

சரி, ஆல்பம் எப்படி?

நல்லாவே இருக்கு. தூக்கக் கோளாறுகளை மையமா வெச்ச 8 டிராக்குகள், சுமார் 71 நிமிஷம். கடைசிப் பாட்டு மட்டும் 19 நிமிஷத்துக்கு மேல. மேஞ்சினியின் வாசிப்பில் கணக்கு துல்லியமா இருக்கும். போர்ட்னாய் வாசிப்பில் ஒரு முரட்டுத்தனம் இருக்கு, பாட்டைப் பிடிச்சுத் தள்ளிட்டுப் போறார். தொடங்கி வெச்சவர் திரும்பி வரும்போது ரசிகர்கள் நெகிழ்வதில் தப்பே இல்ல.

ஆனா, இந்த ரீயூனியன் நடக்கவே ஒரு பேண்ட் உயிரோட இருந்திருக்கணும் இல்லையா? புது ஆல்பம், டூர் என்று அதை ஓட வைத்தவர்களில் மேஞ்சினியும் ஒருவர். ஆபீஸிலும் இதைப் பார்க்கிறோம். முக்கியமான ஒருத்தர் வேலையை விட்டுப் போவார். வேறொருத்தர் வந்து வருஷக்கணக்கா டீமைத் தாங்குவார். பழையவர் திரும்பினதும், "அப்பாடா, இப்பதான் டீம் பழையபடி ஆச்சு"ம்பாங்க. இடையில உழைச்சவருக்கு அது எப்படி இருக்கும்?

இந்த விஷயத்தில் ரசிகர்களைவிட பேண்ட் தெளிவா இருக்கு. 2024 அக்டோபரில் லண்டனில் தொடங்கிய 40-வது ஆண்டு டூரில், மேஞ்சினி காலத்துப் பாடலான 'பார்ஸ்டூல் வாரியர்' இடம்பெற்றது. மேடையில் அதை வாசித்தவர் போர்ட்னாய். அவரே அந்தப் பாடல்களை ஒதுக்கல; நாம மட்டும் ஏன் ஒதுக்கணும்?

'பாராசோம்னியா' கேட்டு முடிச்சதும், மேஞ்சினியின் கடைசி ஆல்பமான 'எ வியூ ஃப்ரம் தி டாப் ஆஃப் தி வேர்ல்ட்'டையும் பிளே பண்ணுங்க. கிராமி வாங்கிய 'தி ஏலியன்'தான் அதில் முதல் பாட்டு.