கார்டீலியா என்ன தப்பு செஞ்சா?

போன வாரம் இங்கே நாக்பூரில், ஆபீஸ் கேன்டீனில் நடந்த சாப்பாட்டு நேரச் சண்டைதான் இந்தப் பதிவுக்குக் காரணம். முந்தின நாள் ராத்திரி டிவியில் 'நடசாம்ராட்' போட்டிருந்தான். நானா படேகர் நடித்து 2016ல் வந்த மராத்திப் படம். மூலம் ஷிர்வாட்கர் எழுதி 1970ல் மேடையேறிய நாடகம், அதற்கும் பின்னால் ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் இருக்கிறார். ரிட்டயரான நாடக நடிகர் சொத்தையெல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அவமானப்படுகிறார். பெற்ற மகளே திருட்டுப் பட்டம் கட்டுகிறாள். மனைவியோடு தெருவுக்கு வந்து, அவளும் போய், கடைசியில் அவரும் போகிறார்.

டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே எங்க சீனியர் மேனேஜர் ஆரம்பித்தார். "இதெல்லாம் ஒரு கதையா? அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தண்டனையும் கிடையாதா?" சரி, அது ரசிகனின் ஆதங்கம், விட்டுவிடலாம். அடுத்து சொன்னதுதான் சுருக்கென்று இருந்தது. "கிழவன் பேர்லயும் தப்பு இருக்கு சார். அதான் அனுபவிச்சான்."

இந்த இரண்டு வாக்கியமும் ஒரே நோயின் இரண்டு அறிகுறி என்பது என் கட்சி.

நல்லவன் வாழணும், கெட்டவன் அழியணும், கதை முடிவதற்குள் கணக்கு நேராகணும் என்கிற விதிக்கு இங்கிலீஷில் பொயடிக் ஜஸ்டிஸ் என்று பேர் வைத்தவர் தாமஸ் ரைமர் என்ற விமர்சகர், 1678ல். படித்தது சட்டம். நிஜ வாழ்க்கையில் நல்லவனும் கெட்டவனும் ஒரே மாதிரிதான் அடிபடுகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் கவிஞனாவது நியாயம் வழங்கணும் என்றார். 'ஒதெல்லோ'வில் ஒரு பாவமும் அறியாத டெஸ்டிமோனா சாவதை அவரால் தாங்கமுடியவில்லை. கைக்குட்டையைப் பத்திரமா வச்சுக்கணும்கிறதுதான் இந்தக் கதையின் நீதியா என்று 1693ல் கேலி பேசினார்.

ரைமர் பேசினார், நேஹம் டேட் செய்தே காட்டிவிட்டார். 1681ல் 'லியர் அரச'னைத் திருத்தி எழுதினார். கார்டீலியா சாகவில்லை, எட்கரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். லியருக்கு ராஜ்யம் திரும்பக் கிடைக்கிறது. கோமாளி ஆளே காலி. சுபம்! சிரிக்காதீர்கள். சுமார் 150 வருஷம் இங்கிலாந்து மேடைகளில் ஓடியது இந்த லியர்தான். 1838ல் மெக்ரெடி என்ற நடிகர் மூலத்தை, கோமாளியோடு சேர்த்து, திரும்பக் கொண்டுவரும்வரை இதே கதைதான்.

ஷேக்ஸ்பியருக்கு முன்னால் இருந்த லியர் கதையிலும் ராஜா ஜெயித்து அரியணை ஏறுகிறார். 1605ல் அச்சான பழைய நாடகமும் அப்படித்தான் முடிகிறது. ஆக, சுபமான முடிவு மனுஷன் கையிலேயே இருந்தது. வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டு, செத்த மகளைக் கையில் ஏந்திக்கொண்டு கிழவனை உள்ளே வரவைத்தார்.

சாமுவேல் ஜான்சன் மாதிரிப்பட்ட ஆளே கார்டீலியாவின் சாவில் அதிர்ந்துபோய், பதிப்பாசிரியராகத் திருத்த உட்காரும்வரை அந்தக் கடைசிக் காட்சிகளைத் திரும்பப் படிக்கத் துணியவில்லை என்று எழுதியிருக்கிறார். அவர் ஓட்டும் டேட் பக்கம்தான். அந்த நேர்மையை மதிக்கிறேன், தாங்கமுடியலைன்னு ஒத்துக்கொண்டாரே. எனக்கு ஆத்திரம் இன்னொரு கோஷ்டிமேல். கார்டீலியா பிடிவாதக்காரி, அப்பாகிட்ட ரெண்டு நல்ல வார்த்தை பேசியிருக்கலாம், அதுதான் அவள் குற்றம் என்று கண்டுபிடித்த விமர்சகர்கள். தண்டனை கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கு ஏத்த குற்றத்தைத் தேடிப்பிடி!

நான் பி.காம். டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகாவிட்டால் சாயங்காலம் வீட்டுக்குப் போகமுடியாத பொழைப்பு. டேலி ஆகிற கதைமேல் மனுஷனுக்கு இருக்கிற ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கேஷில் பத்து ரூபாய் குறைந்தால் குறைந்தது என்றுதான் எழுதணும். டேலி ஆக்குவதற்காகப் பொய் வவுச்சர் போட்டால் அதற்குப் பேர் வேற.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஊர்க் கிளையில் என்னோடு வேலை பார்த்தவர். பேர் வேண்டாம். நகைக்கடன் லாக்கருக்கு இரட்டைச் சாவி, ஒன்று அவரிடம். ஆடிட்டில் இரண்டு பொட்டலத்தில் கவரிங் நகை இருந்தது. சஸ்பென்ஷன், பாதிச் சம்பளம், என்கொயரி என்று மூணு வருஷம் இழுத்தார்கள். அவர் மனைவி காய்கறிக் கடைக்குப் போனால்கூட "நெருப்பில்லாம புகையுமா" என்று காதுபடப் பேசினார்கள். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்ற ஆர்டர் வந்தபோது அவர் போய் நாலு மாசம் ஆகியிருந்தது. ஹார்ட் அட்டாக். செய்தது யார் என்று கிளையில் எல்லோருக்கும் ஒரு யூகம் உண்டு, ஆனால் யார்மேலும் எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

அந்த மூணு வருஷத்தில் நான் ஒருமுறைகூட அவர் வீட்டுக்குப் போகவில்லை. "ஏதாவது இருக்கும்ப்பா, சும்மாவா பிடிப்பாங்க" என்று டீக்கடையில் சொன்னவர்களில் நானும் ஒருத்தன். அப்படிச் சொல்ல எனக்கு யார் கற்றுக்கொடுத்தது? சின்ன வயசிலிருந்து பார்த்த அத்தனை கதையிலும் கடைசி ரீலில் போலீஸ் வந்தது, நிரபராதி தப்பித்தான். ஆகவே தப்பிக்காதவன் நிரபராதி இல்லை. லாஜிக் சரியாத்தானே இருக்கு?

நம்ம சிலப்பதிகாரத்தில் நியாயம் கிடைக்கவில்லையா என்று யாராவது கேட்பீர்கள். பாண்டியன் உயிர் போகிறது, மதுரை எரிகிறது, வாஸ்தவம். கோவலன் எழுந்து வந்தானா? அந்தக் காப்பியத்திலேயே, முற்பிறப்பில் இவன் ஒரு வணிகனைக் கொலைக்குக் காட்டிக்கொடுத்தான், அந்த வினைதான் இது என்று மதுராபதித் தெய்வம் காரணம் சொல்கிறது. காப்பியத்தை விரும்பிப் படிக்கிறவன்தான் நான். அந்த இடம் வரும்போது மட்டும் எனக்கு அந்தக் காய்கறிக் கடை ஞாபகம் வருகிறது.

மேனேஜரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. சாம்பார் சாதம் ஆறிவிட்டது. நடசாம்ராட் அடுத்த தடவை மேடைக்கு வந்தால் டிக்கெட் என் செலவு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நடுவில் எழுந்து போகக்கூடாது என்பது கண்டிஷன்.