இசைக்கருவியுடன் வரும் சந்தா: பாடல் யாருக்குச் சொந்தம்?

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் புதிய கைபேசி வாங்கும் ஒருவருக்கு, சில மாதங்களுக்கான இசைச் சந்தா இலவசமாகச் சேர்த்து வழங்கப்படுவது இப்போது புதுமையல்ல. விளம்பரங்கள் இதைச் சலுகை என்கின்றன. ஆனால், சந்தா முடிவடையும் நாளில் கருவியில் சேமித்த பாடல்கள் என்னவாகும் என்ற கேள்விக்குக் கடந்த இருபது ஆண்டு அனுபவம் தரும் விடை, வாங்குபவருக்குச் சாதகமாக இல்லை.

புலம்பெயர்ந்த தமிழருக்கு இக்கேள்வி கூடுதல் முக்கியத்துவம் உடையது. 1980களில் இலங்கையிலிருந்து சுவிட்சர்லாந்தில் தஞ்சம் புகுந்த தலைமுறையினர், பாடல்களை முதலில் ஒலிநாடாக்களாகவும் பின்னர் இறுவட்டுகளாகவும் சேர்த்தனர். அவை வீட்டு அலமாரியில் இருந்தன. பிள்ளைகளின் கையில் கொடுக்கக்கூடியவையாகவும் இருந்தன. சந்தா வழியாக வரும் பாடலை அவ்வாறு கொடுக்க இயலாது.

கருவியோடு முடிந்த சேவைகள்

கையடக்க இசைக்கருவிகளுக்கென மாதச் சந்தா வசூலிக்கும் திட்டத்தை அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு நாப்ஸ்டர் நிறுவனம் பெரும் விளம்பரத்துடன் தொடங்கியது. மாதம் 14.95 டாலர் செலுத்தியவர் விரும்பிய பாடல்களைக் கருவியில் ஏற்றிக்கொள்ளலாம். பணம் செலுத்துவது நின்றால், ஏற்றிய பாடல்களும் ஒலிக்காது. மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய மின்னணுப் பூட்டு இதைக் கண்காணித்தது. அதே மைக்ரோசாஃப்ட் 2006ல் 'ஸூன்' என்ற சொந்தக் கருவியை வெளியிட்டபோது, அந்தப் பழைய பூட்டுடன் வந்த பாடல்களை அக்கருவி ஏற்கவில்லை. ஸூன் இசைச் சேவையும் 2015ல் மூடப்பட்டது.

தமிழகத்தின் ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை ஆலை நடத்திய நோக்கியா நிறுவனத்தின் முயற்சி இன்னும் நேரடியானது. 2008 அக்டோபரில் பிரிட்டனில் அது தொடங்கிய திட்டத்தில், ஓராண்டுக்கான வரம்பற்ற பதிவிறக்கம் கைபேசியின் விலையிலேயே அடங்கியிருந்தது. ஆண்டு முடிந்த பின்னரும் பாடல்களை வைத்துக்கொள்ளலாம் என்பது கவர்ச்சியான வாக்குறுதி. ஆனால், பதிவு செய்த கணினிக்கும் கைபேசிக்கும் வெளியே அவற்றைக் கொண்டுசெல்லப் பூட்டு இடம் தரவில்லை. பெரும்பாலான நாடுகளில் இத்திட்டத்தை நிறுத்துவதாக 2011 ஜனவரியில் நோக்கியா அறிவித்தது.

இதற்கு மாறாக, ஆப்பிள் நிறுவனம் தனித்தனியே விற்ற பாடல்களிலிருந்து 2009ல் பூட்டை நீக்கியது. ஐபாட் கருவியின் தயாரிப்பு 2022ல் நிறுத்தப்பட்ட பின்னரும், அவ்வாறு வாங்கிய பாடல்களை வேறு கருவிகளில் கேட்க முடிகிறது.

சுவிஸ் சட்டம் தரும் உரிமை

சுவிட்சர்லாந்தின் பதிப்புரிமைச் சட்டம் இவ்விடயத்தில் தாராளமானது. சொந்தப் பயன்பாட்டுக்காகவும், உறவினர், நண்பர் போன்ற நெருங்கிய வட்டத்துக்காகவும் ஒரு பாடலைப் படியெடுக்க அது அனுமதிக்கிறது. அதற்கு ஈடாக, பதிவுக் கருவிகளின் நினைவகத்துக்கு ஒரு கட்டணம் விதிக்கப்படுகிறது. டிஜிட்டல் இசைக்கருவிகளுக்கு இக்கட்டணம் 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் கைபேசிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. உற்பத்தியாளர்களும் இறக்குமதியாளர்களும் செலுத்தும் இத்தொகையை, இசைப் படைப்பாளிகளின் கூட்டுறவு அமைப்பான சுய்சா வசூலிக்கிறது.

ஆகவே வின்டர்தூரில் ஒரு தந்தை, தான் வாங்கிய இறுவட்டைத் தன் மகளின் கைபேசியில் படியெடுத்துக் கொடுப்பது சட்டப்படி சரியானதே. அவரது சந்தாக் கணக்கில் உள்ள பாடலுக்கு இந்த உரிமை நடைமுறையில் பயன்படாது. பூட்டும் ஒப்பந்த நிபந்தனைகளும் குறுக்கே நிற்கின்றன.

சரிகம நிறுவனமும் ஸ்பாட்டிஃபையும்

தமிழ்ப் பாடல்களைப் பொறுத்தவரை இந்தச் சிக்கலை வெளிப்படையாகக் காட்டியது இந்தியாவில் நிகழ்ந்த ஒரு வழக்கு. எச்.எம்.வி. என்ற பெயரில் அறியப்பட்ட பழைய இசைத்தட்டுகளின் உரிமையை வைத்திருக்கும் சரிகம நிறுவனம், 2017ல் 'கார்வான்' என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. அதில் 5,000 பழைய பாடல்கள் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருந்தன. இணைய இணைப்போ சந்தாவோ தேவையில்லை. தமிழ்ப் பாடல்களைக் கொண்ட பதிப்பும் பின்னர் வெளிவந்தது.

2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவில் சேவையைத் தொடங்கியது. உரிமம் தொடர்பாகச் சரிகம டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியதை அடுத்து, அந்நிறுவனத்தின் பாடல்களை நீக்குவதாக அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்பாட்டிஃபை தெரிவித்தது. இரு நிறுவனங்களுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது 2020ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலத்தில் சந்தாதாரர் பணம் செலுத்தியும் பெற இயலாத பாடல்கள், கார்வான் வைத்திருந்தவரின் வீட்டில் தடையின்றி ஒலித்தன.

கார்வானுக்கும் குறை உண்டு. அதிலுள்ள 5,000 பாடல்களைத் தெரிவு செய்தது நிறுவனம், கேட்பவர் அல்லர். புதிய பாடல்களும், பிற நிறுவனங்களின் பாடல்களும் அப்பட்டியலில் இல்லை. மிகப் பெரிய தொகுப்பைக் குறைந்த செலவில் கேட்கும் வசதியைச் சந்தாவே தருகிறது. சென்னையில் வெளியாகும் பாடலை அன்றே ஐரோப்பாவில் கேட்க முடிவதும் அதனால்தான்.

சந்தா என்பதும் தன்னளவில் தவறான முறை அன்று. 1629ல் நிறுவப்பட்ட வின்டர்தூரின் இசைக் கழகமான மூசிக்கொலேகியும், இன்றும் கச்சேரிப் பருவத்துக்குச் சந்தா விற்கிறது. கச்சேரியை வீட்டுக்கு எடுத்துச்செல்ல முடியாது என்பது சந்தா வாங்குபவருக்குத் தெரியும். கருவியுடன் சேர்த்து விற்கப்படும் சந்தாவிலோ அந்தத் தெளிவு இல்லை. கருவி கையில் இருப்பதால், பாடலும் கையில் இருப்பதாகத் தோன்றுகிறது.

எனவே, புதிதாகக் கேட்பதற்குச் சந்தா, பாதுகாத்து வைப்பதற்குச் சொந்தப் பிரதி என்று பிரித்துக்கொள்வதே பொருத்தமானதாகத் தெரிகிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்பும் நூறு பாடல்களையாவது பூட்டு இல்லாத வடிவில் வாங்கி வைப்பது பெரிய செலவாகாது. அவற்றைப் படியெடுத்துக் கொடுக்கும் உரிமையைச் சுவிஸ் சட்டம் ஏற்கெனவே வழங்கியுள்ளது.