நிலைக்கண்ணாடி யாருக்கு?

பக்கவாதம் வந்து பிழைத்தவரை நம் கீழக்கரையில் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம்? "வாப்பா, எந்திரிக்காதீங்க, படுத்துக்கங்க." இதைப் பாசம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மனுஷனைக் கட்டிலோடு கட்டிப்போடும் வேலை இது.

சொல்பவன் பட்டவன். நேராக நிற்பதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். பயிற்சி கொடுத்த தம்பி, நிலைக்கண்ணாடியின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு டேப்பை ஒட்டி, என்னை முன்னால் நிறுத்தினார். உடம்பு இடப்பக்கம் சாய்ந்திருந்தது! மூளை சொன்ன பொய்யைக் கண் பிடித்துக்கொடுத்தது. தினமும் அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து நிமிர்ந்தேன். பழகியதும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். அதையே நம்பியிருந்தால் உடம்பு தானாகக் கற்காதாம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் வலிக்கு, 1990களில் சாதாரணக் கண்ணாடியை வைத்தே வழி காட்டினார். நீங்களோ, "வயசான காலத்துல கண்ணாடி என்னத்துக்கு?" என்கிறீர்கள். துபாய்க் காசில் விலையுயர்ந்த கட்டில் வாங்குகிறீர்கள். கண்ணாடி பீரோ கதவில் சும்மா நிற்கிறது.

டாக்டரைக் கேளுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு, அதன் முன்னால் நிற்க வையுங்கள். பள்ளியில் ஓரமாக நாற்காலியில் இருந்தவன், இன்று வரிசையில் நின்று தொழுகிறேன்.