ஏரி கரையில் மட்டுமல்ல, கோர்ட்டிலும் தொலையுது!

தோழர்களே, ஏரி ஆக்கிரமிப்பு போட்டோவை ஷேர் பண்றோம். சரிதான். ஆனா அந்த நிலம் கோர்ட்டில் யார் கையில் இருக்கு? அரசுத் தரப்பு சிவில் வக்கீல் கையில்.

அரசு மேல சிவில் வழக்கு போட, பொதுவா 2 மாத நோட்டீஸ் முன்கூட்டியே தரணும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 80 சொல்வது இது. வழக்கு வந்ததும் எதிருரைக்கு 30 நாள். கோர்ட் நீட்டித்தால் 90 நாள். அதுக்குள்ள அ-பதிவேடும் புலப்படமும் தாலுகா ஆபீஸிலிருந்து வக்கீல் மேசைக்கு வந்தாகணும். வரலைன்னா எவ்வளவு கெட்டிக்கார வக்கீலும் வாய்தாதான் கேட்க முடியும். கடைசியில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு!

மேல்முறையீடு இருக்கேன்னு நினைக்காதீங்க. 2020-ல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதமா வந்தது. உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்து, 25,000 ரூபாயும் கட்டச் சொன்னது. அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமே வசூலிக்கவும் உத்தரவிட்டது.

அரசு வழக்கறிஞர் நியமனம் வெளிப்படையா, தகுதி பார்த்து நடக்கணும்னு 2016-ல் பஞ்சாப் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கு. கசப்பா இருந்தாலும் சொல்றேன்: இது நமக்கும் பொருந்தும். கட்சிக்காரர் என்பது மட்டும் தகுதி ஆகாது.

உங்க ஊர் ஏரி மேல வழக்கு இருக்கா? இ-கோர்ட்ஸ் தளத்தில் அடுத்த வாய்தா தேதியைப் பாருங்க. "எதிருரை போட்டாச்சா?"ன்னு தாசில்தாரிடம் மனு கொடுங்க. ஷேர் பண்றதோட நிக்காதீங்க!