தெரிவு யாருக்குரியது?

பிறநாடு செல்வோர் எவ்வகை இணையத் தரவைத் தெரிவுசெய்ய வேண்டும் என அறிவுரை கூறுவோர் இன்று பெருகியுள்ளனர். தாய்நாட்டுச் சிம் அட்டையை ரோமிங் முறையிற் பயன்படுத்துவதா, சென்றடைந்த நாட்டின் அட்டையை வாங்குவதா, அட்டையே வேண்டாத இ-சிம்மை நாடுவதா என மூன்று வழிகளைக் காட்டி, விலையை ஒப்பிட்டு, மலிவானதைக் கொள்க என்று அவர்கள் முடிக்கின்றனர். இவ்வறிவுரை பொய்யன்று. ஆயின் அது சுற்றுலாப் பயணிக்கும் உயர்கல்விக்குச் செல்லும் மாணவருக்குமே உரியது. கொழுந்து பறித்துப் பெறும் நாட்சம்பளம் குடும்பத்தைத் தாங்காமையால், பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் மத்திய கிழக்கிற்குப் பணிப்பெண்ணாகச் செல்லும் தோட்டத்துத் தாயை மனத்திற் கொண்டால் அதன் வெறுமை புலப்படும். தெரிவு செய்வதற்கு முதலில் தெரிவு செய்யும் உரிமை வேண்டும்.

அம்மூன்று வழிகளையும் அவளது நிலையில் நின்று நோக்குவோம். ரோமிங் என்பது, இங்குள்ள கம்பனி வேற்றுநாட்டுக் கம்பனியின் வலையமைப்பைக் கூலிக்குப் பெற்று, அச்செலவையும் தன் இலாபத்தையும் பாவனையாளர் மீது சுமத்தும் முறை. சில நாட் பயணிக்கு அது பொருந்தலாம். ஈராண்டு ஒப்பந்தத்திற் செல்பவளுக்குக் கட்டுபடியாகாது. இ-சிம்மிற்கு அதனை ஏற்கும் கருவி வேண்டும். மலிவான கைத்தொலைபேசிகள் பலவற்றில் அவ்வசதி இல்லை. எஞ்சுவது சென்ற நாட்டின் அட்டை. விலையிற் குறைந்ததும் பொதுவாக அதுவே. ஆனால் சவூதி அரேபியாவில் அங்கு வதியும் தொழிலாளர் அதனை வதிவிட அனுமதிப் பத்திரத்தைக் கொண்டு, தம் அடையாளத்தை உறுதிப்படுத்தியே பெறவேண்டும். அப்பத்திரத்தைப் பெற்றுக்கொடுக்க வேண்டியவர் யார்? வேலைகொண்ட முதலாளி. அவர் காலந்தாழ்த்தினால் அட்டையும் தாமதிக்கும். அவர் தம் பெயரில் வாங்கிக் கொடுத்தாலோ, அட்டை அவருடையதே. சினங்கொண்ட நாளில் அதைத் துண்டிக்கவும் அவரால் இயலும். வீட்டு வைபையின் கடவுச்சொல்லும் அவர் கையிலேயே உள்ளது. அறிவுரையாளர் கூறும் தெரிவு இங்கு எங்கே?

தரவு கிடைத்த பின்னரும் தொல்லை தீர்வதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் வழியாக எழுத்துச் செய்தியும் குரற்பதிவும் செல்லும். நேரடிக் குரலழைப்புக்கோ பொதுவாகத் தடை. அங்கு அனுமதி பெற்ற வேறு செயலிகளையே நாட வேண்டும். சவூதி அரேபியா இணைய அழைப்புகளுக்கான தடையை 2017இல் நீக்கியது. நாட்டுக்கு நாடு வேறுபடும் இவ்விதியை எவரும் முன்கூட்டிச் சொல்லாவிடின், பிள்ளையின் குரலைக் கேட்கவென வாங்கிய தரவு வீணே கழியும்.

நம் மக்களுக்கு இந்நிலை புதியதன்று. லயன்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாமையால், தொழிலாளியின் கடிதம் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே வந்துசேர்ந்தது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு காலங்கடந்து கிடைத்தமையால் வேலையை இழந்த இளைஞரின் கதையை மலையகத்தில் அறியாதார் இலர். அன்று காரியாலய மேசையில் தேங்கிய கடிதமும், இன்று எசமானியின் அலுமாரியிற் பூட்டப்படும் தொலைபேசியும் ஒரே நியதியின் இரு வடிவங்கள். உழைப்பை விலைக்கு வாங்கியவரே உழைப்பவரின் பேச்சுக்கும் உடைமையாளர் என்பதே அந்நியதி.

தொலைபேசி வேலையைக் கெடுக்கும், குடும்ப இரகசியம் வெளியேறும் என வாதிடுவோர் உளர். வேலை நேரத்தில் அதன் பாவனையை வரையறுப்பதை எவரும் மறுக்கவில்லை. கருவியைப் பறிப்பது வேறு. தொழிற்சாலைத் தொழிலாளிக்குச் சக தொழிலாளி உண்டு. தோட்டத் தொழிலாளிக்குத் தொழிற்சங்கம் உண்டு. அடைத்த வீட்டுக்குள் தனித்து உழைக்கும் பெண்ணுக்கு வெளியுலகின் ஒரே வாயில் அக்கருவியே. சம்பளம் மறுக்கப்பட்டதையும் அடிபட்டதையும் அவள் வேறு எவ்வழியாற் சொல்வாள்?

சர்வதேச தொழில் தாபனத்தின் 2011ஆம் ஆண்டின் 189ஆம் இலக்க உடன்படிக்கை, வீட்டுப் பணியாளர் தம் பயண, அடையாள ஆவணங்களைத் தாமே வைத்திருக்கும் உரிமையை வலியுறுத்துகின்றது. தொலைபேசி பற்றி அது பேசவில்லை. பிலிப்பைன்ஸ் அரசு அக்குறையை உணர்ந்தது. தன் நாட்டுப் பணிப்பெண் ஒருவரின் கொலை வெளிப்பட்டதையடுத்து, 2018 மே மாதத்தில் குவைத்துடன் செய்த உடன்பாட்டில், பணியாளர் கடவுச்சீட்டோடு கைத்தொலைபேசியையும் வைத்திருக்க வழிசெய்தது. ஏழை நாடு கேட்டால் எண்ணெய் நாடு இணங்காது என்போருக்கு இதுவே மறுமொழி.

ஆகவே நாம் கோருவன தெளிவானவை. தொலைபேசியும் தன் பெயரிலான சிம் அட்டையும் பணியாளரின் உரிமை என்னும் வாசகம் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் இடம்பெற வேண்டும். சலவை இயந்திரத்தை இயக்கக் கற்பிக்கும் பயணத்துக்கு முந்திய பயிற்சியில் தொலைபேசிப் பாடமும் கட்டாயமாக வேண்டும். இங்குள்ள இலக்கத்தைக் கைவிடாதே, வங்கியின் இரகசிய இலக்கம் அதற்கே வரும். ஆனால் அதில் டேட்டா ரோமிங்கை நிறுத்திவை. அட்டை யார் பெயரிற் பதிவாகிறது எனக் கேள். தூதரக இலக்கத்தைக் கடதாசியிலும் எழுதிவை. இவை தமிழிற் சொல்லப்பட வேண்டும்.

அரசு அசையும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. விடுமுறைக்கு ஊர் திரும்பும் மலையக மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒரு மாலைப்பொழுதில் இப்பாடத்தை நடத்த இயலும். அத்தாய்மார் அனுப்பிய பணத்தினால் இப்பல்கலைக்கழகம் வந்தோர் நம்மிடையே பலர். அவர்களின் குரலுக்கு வழி திறப்பது நாம் செய்யும் உதவியன்று; நாம் தீர்க்க வேண்டிய கடன்.